அத்தியாயம் 14: அக்கா வீடுதானே

ஒரு கோடிப் புடவை, ஒரு வார்த்தை. தங்கையன் தன் அக்காள் காளியம்மாளுக்குத் தர வேண்டிய பாக்கி அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு குந்துமணி கூட அவள் கேட்கவில்லை.

புடவை வந்துவிடும். புருஷனை இழந்தவளுக்குக் கருமாதியன்று பிறந்த வீட்டிலிருந்து கோடி வருவது எங்கள் பக்கத்து வழக்கம். எவ்வளவு பகை இருந்தாலும் கூடப் பிறந்தவன் அதைக் கொண்டுவராமல் இருக்க மாட்டான். வராமல் இழுத்தடித்தது அந்த வார்த்தைதான்.

"மச்சான் என் சாப்பாட்டாலதான் செத்தாரு."

இதைத் தங்கையன் உறவு முன்னால், தன் வாயால் சொல்ல வேண்டும்.

இந்தப் பாக்கி எப்படி விழுந்தது என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பூதலூருக்கு மேற்கே, புது ஆற்றை ஒட்டிய தெரு அவர்களுடையது. வைகாசி வெயிலில் காளியம்மாள் மகள் எழில்மொழிக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் தங்கையன், கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்து வசதியாக இருக்கிறவன், "சீரும் என்னோடது, விருந்தும் என்னோடது. நீ அடுப்பே பத்த வைக்காதக்கா" என்றான். மினி லாரியில் பிரியாணி வந்தது. கோழிக் குழம்பு வந்தது. இலைக்கு ஒரு அவித்த முட்டை. தெருவே வாழ்த்திக்கொண்டு சாப்பிட்டது.

மறுநாள் தெருவே படுத்தது. வாந்தி, பேதி, பல்லைக் கிட்டவைக்கும் குளிர்காய்ச்சல். ஆம்புலன்ஸ் போவதும் வருவதுமாக இருந்தது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தேறி வந்தார்கள். எழில்மொழி எலும்பும் தோலுமாக வந்தாள். அவள் அப்பன் மருதையன்தான் தஞ்சாவூரிலிருந்து துணி சுற்றி வந்தான்.

சிதை அடங்கும் முன்பே தங்கையன் டீக்கடையில் பேச்சைக் கிளப்பிவிட்டான். "மச்சான் முதநாள் ராத்திரியே ஊத்திக்கிட்டாரு. அந்த வயித்துல கறி போனா என்ன ஆகும்? என் சாப்பாட்டை ஏன்யா குத்தம் சொல்றீங்க?" சுகாதார ஆய்வாளர் வந்து விசாரித்தபோதும் அதையே சொன்னான்.

மருதையன் குடியை விட்டது எழில்மொழி பிறந்த அன்று. கூலி வாங்கிக்கொண்டு மற்ற ஆட்கள் பாட்டிலுக்குப் பங்கு போடும்போது அவன் தனியாக வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பான். அது தங்கையனுக்கும் தெரியும்.

ஊருக்கு இன்னொரு பேச்சும் கிடைத்தது. "சமைஞ்ச கையோட அப்பனை அனுப்பிட்டா. அவ ராசி அப்படி." இது எழில்மொழி காதுக்கும் போனது. அன்றிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள்தான்.

காளியம்மாள் அந்த வார்த்தையைக் கேட்டது செத்தவனுக்காகப் பாதி. படுத்திருப்பவளுக்காகப் பாதி.

* * *

கருமாதிக்கு முந்தின நாள் மகன் செழியன் தஞ்சாவூரிலிருந்து வந்தான். அங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவன். அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"அப்பா ரத்தத்துல ஒரு கிருமி வளந்திருக்கும்மா. சால்மோனெல்லான்னு பேரு. டாக்டர் உட்கார வச்சுச் சொன்னாரு."

காளியம்மாள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அது சாராயத்துல வருமா?"

"வராதும்மா. கோழியில இருக்கும். முட்டையில இருக்கும். அதுங்களைப் பாத்தா சீக்கு மாதிரியே தெரியாதாம். நமக்குள்ள போனாத்தான் ஆட்டம். நல்லாக் கொதிச்சா செத்துடும். ஆனா வெந்ததைக் கொண்டுபோய்ப் பச்சைக் கறி பட்ட பாத்திரத்துல போட்டா மறுபடி ஏறிக்கும். கறி கழுவின தண்ணி தெறிச்சாலும் போதும். இந்த வெக்கையில மூடி வச்சா ராவோட ராவா பெருகிடும்."

"நாத்தம் வருமா?"

"வராது. ருசி கூட மாறாதாம்."

"தெருவுல எல்லாரும்தானே தின்னாங்க. உங்கப்பா மட்டும் ஏன்டா?"

"முக்காவாசிப் பேருக்கு வயித்தோட போயிடும். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்துச்சுல்ல. உடம்புல எதுத்து நிக்கத் தெம்பு இல்ல. குடலைத் தாண்டி ரத்தத்துல ஏறிடுச்சு."

காளியம்மாள் புளிச் சக்கையைப் பிழிந்து ஓரமாக வைத்தாள்.

"உங்க மாமனுக்கும் சர்க்கரை இருக்கு" என்றாள்.

செழியன் அதை அப்போது காதில் வாங்கவில்லை. அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பந்தல்காரனைப் பார்க்கப் போனான். திரும்பி வந்தபோது வீட்டில் கோழிக் குழம்பு வாசனை. நாளைக்குத்தானே கறிச்சோறு, இன்றைக்கு எதற்கு என்று கேட்க நினைத்தான். வேலை மும்முரத்தில் மறந்துபோனான்.

மகன் சொன்னதை ஒன்று விடாமல் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். சமையல் குறிப்பு கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

* * *

விடியும் முன்பே பெண்கள் அவள் தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். யாரோ ஒப்பாரியை எடுத்தார்கள். காளியம்மாள் அழவில்லை. கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து தலைக்கு ஊற்றிக்கொள்ளப் போனாள்.

பல் விளக்கக் கொல்லைக்கு வந்த செழியன் கண்ணில், விறகு அடுக்குக்குப் பின்னால் ஒரு அலுமினியக் குண்டான் பட்டது. மூடி போட்டு, மேலே துணி கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு செம்பு. செம்பின் அடியில் இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் தண்ணீர் நின்றது.

துணியை அவிழ்த்தான். கோழிக் குழம்பு. மேலே எண்ணெய் ஆடை. அதில் உரித்த முட்டைகள் மிதந்தன. முகர்ந்து பார்த்தான். ஒரு வாசனைக் கோளாறும் இல்லை.

அப்போதுதான் அவனுக்கு முந்தின நாள் பேச்சு முழுவதும் திரும்பி வந்தது. கடைசியில் அவள் சொன்னதும் சேர்ந்து வந்தது.

குண்டானைத் தூக்கினான்.

"வை கீழ."

ஈரத் தலையோடு காளியம்மாள் நின்றாள்.

"அம்மா, இது என்னம்மா?"

"உங்க மாமனுக்கு. இன்னிக்கு அவன் நம்ம வீட்டுல கை நனைச்சுத்தானே ஆகணும்?"

"இது கொலைம்மா."

"அப்ப உங்கப்பாவுக்கு நடந்ததுக்கு என்ன பேரு?"

"அது... அலட்சியம்."

"பாத்தியா, நீயே அவனுக்கு நல்ல பேரா வச்சுக் கொடுக்கற. அந்தப் பேரையாவது அவன் சொன்னானா? குடிகாரன்னுல்ல சொன்னான்!"

"சுகாதாரத்துல எழுதிக் கொடுப்போம். டாக்டர் சொன்னதைச் சொல்லுவோம்."

"எழுதிக் கொடு. எத்தனை வருஷம் ஆகுமோ ஆகட்டும். அதுவரைக்கும் இந்தத் தெரு என் பொண்ணை ராசியில்லாதவன்னு சொல்லிக்கிட்டே இருக்கட்டும். அப்படித்தானே?"

செழியன் கையிலிருந்த குண்டான் கனத்தது.

"கேளுடா" என்றாள், குரலை இறக்கி. "அவன் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிட்டான்னா இது மண்ணுக்குப் போகும். நீயே குழி வெட்டலாம். சொல்லலைன்னா அவன் இலைக்குப் போகும். அவன் கையிலதான் இருக்கு. என் கையில இல்ல."

வாய்க்கால் கரையிலிருந்து பெரியப்பா பக்கிரி குரல் கொடுத்தார். "செழியா! நாவிதர் வந்துட்டாரு, மொட்டை போட வாடா!"

காளியம்மாள் மகன் கையிலிருந்து குண்டானை வாங்கிக்கொண்டாள்.

* * *

செழியன் கரைக்குப் போன கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. தங்கையனின் ஒரே மகள் இசைவாணி. செழியனுக்கு இவள், இவளுக்குச் செழியன் என்று இரண்டு வீட்டிலும் சின்ன வயதிலேயே பேசி வைத்தது. சடங்கு விருந்துக்கு அப்புறம் அதை யாரும் வாயில் எடுக்கவில்லை. அப்பன் தொழிலில் பாத்திரக் கணக்கு, ஆள் மேற்பார்வை எல்லாம் அவள்தான்.

நேராகக் கொல்லைப் பக்கம் வந்தாள். காளியம்மாளின் வெறும் கழுத்தைப் பார்த்தாள். அப்புறம் நிமிரவே இல்லை.

"அப்பா வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லணும் அத்தை."

"சொல்லு."

"அந்தக் கறி நம்ம சடங்குக்குன்னு வச்சது இல்ல. முதநாள் திருவிடைமருதூர்ல ஒரு ரிசப்ஷன். நெனச்ச கூட்டம் வரல. குழம்பும் முட்டையும் மிஞ்சிப் போச்சு. ராத்திரியே லாரியில ஏத்தியாச்சு. பாத்திரம் பத்தல. பச்சைக் கோழி வந்த டப்புலயே உரிச்ச முட்டையைக் கொட்டினாங்க. விடியற வரைக்கும் தார்ப்பாய்க்குள்ள கிடந்துச்சு. காலையில மேலாக்கச் சுட வச்ச குழம்பை அதுல ஊத்திக் கொண்டாந்துட்டாங்க. பிரியாணி மட்டும்தான் புதுசு."

"உங்கப்பனுக்கு இது தெரியுமா?"

"சமையல் மாஸ்டர் கேட்டாரு. 'வேணாங்க, புதுசா வச்சுடலாம்'னாரு. அதுக்கு அப்பா..."

"அதுக்கு?"

"'அக்கா வீடுதானே'ன்னாரு."

காளியம்மாள் விறகு அடுக்கைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடப்பவள்.

தெரியாமல் நடந்தது என்று நினைக்க அவள் மனசில் ஒரு மூலை பாக்கி இருந்தது. தம்பிக்காக அவளே காப்பாற்றி வைத்திருந்த மூலை. பள்ளிக்கூடத்துக்கு அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவள் அவள். தான் எழுத்துக் கற்காமல் நடவுக்குப் போய் அவனுக்குச் சிலேட்டு வாங்கியவள். காசு கொடுத்தவனுக்குப் புதுசு. அக்காளுக்கு மிஞ்சியது.

"உள்ள போ. எழிலுகிட்ட உட்காரு. அவ எதுவும் சாப்பிடல" என்றாள்.

பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லை அடுப்பைப் பற்ற வைத்தாள்.

* * *

உச்சி வெயில். கரையில் காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு செழியன் வந்தான். புது ஆற்றில் தண்ணீர் விட்ட புதுசு என்பதால் வாய்க்கால் கலங்கலாக ஓடியது. பந்தலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. தெரு ஆட்களே சேர்ந்து அண்டாவில் சமைத்த கறிச்சோறு. யாரும் முட்டை கேட்கவில்லை.

பந்தலின் மேற்கு ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் குணசேகரன் உட்கார்ந்திருந்தார். மருதையன் குத்தகைக்கு உழுத நிலம் அவருடையது. இந்தத் தெருச் சாவுக்கு வழக்கமாக ஆள் அனுப்பி விசாரிப்பதோடு சரி. இந்த முறை காளியம்மாளே அவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டிருந்தாள். வந்தவர் தான் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைத்தான் குடித்தார். அவர் மகள் கல்யாணம் ஆவணியில். சமையல் தங்கையன்தான் என்று முடிவாகியிருந்தது.

வெள்ளைச் சட்டையில் தங்கையன் வந்து இறங்கினான். தாம்பாளத்தில் அரக்கு நிறக் கோடி. பந்தலுக்குள் நுழையும்போதே குரல் உடைந்தது.

"அக்கா... உன்னை இந்தக் கோலத்துல பாக்கணும்னு என் தலையில எழுதியிருக்கே!"

பந்தியில் யாரோ ஒரு கிழவர் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "தாய்மாமன் வந்துட்டாரு. முட்டை கொண்டாந்திருக்காரான்னு கேளுய்யா."

சிரிப்பு எழுந்து அடங்கியது. தங்கையன் காதில் விழாதது போல் நின்றான்.

கோடி கொண்டு வருகிறவன் முதலில் அந்த வீட்டில் கை நனைக்க வேண்டும். அப்புறம்தான் புடவை அவள் தோளில் விழும். கை நனைக்காத கோடி பிணத்துக்குப் போட்ட கோடி என்பார்கள். பக்கிரி இலை போடச் சொன்னார். தங்கையன் அண்டாப் பக்கம் திரும்பினான்.

"அது தெருவுக்கு. உனக்கு நானே என் கையால வச்சிருக்கேன் தம்பி" என்றாள் காளியம்மாள்.

குணசேகரன் நாற்காலிக்கு எதிரிலேயே தனி இலை விரித்தாள். சோறு போட்டாள். கொல்லைக்குப் போய் ஒரு அலுமினியக் குண்டானோடு வந்தாள். மூடி. மேலே கட்டிய துணி.

செழியன் அந்தத் துணியையே பார்த்தான். ஒரு அடி முன்னால் வைத்தான். காளியம்மாள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவன் கால் நின்றது.

சோற்றின் மேல் குழம்பு விழுந்தது. ஒரு தொடைக் கறி. ஒரு முட்டை.

"சாப்பிடு. நேத்து மத்தியானம் வச்சது. ராவெல்லாம் மூடியே கிடந்துச்சு. கோழி கழுவின தண்ணியைக் கூட வீணாக்காம இதுல ஊத்திட்டேன்."

பிசைய இறங்கிய தங்கையன் கை இலைக்கு மேலேயே நின்றது.

"என்னம்மா பேச்சு இது, காளியம்மா?" என்றார் பக்கிரி.

"ஏன் அத்தான்? உங்க தம்பி சாராயத்துலதானே செத்தாரு? குழம்பு என்ன பண்ணிடப் போகுது?" அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "நீ ஏதாவது ஊத்திக்கிட்டு வந்தியாடா?"

"இல்லக்கா."

"அப்ப பயமே வேணாம். சாப்பிடு."

"எனக்குச் சர்க்கரை இருக்குக்கா. டாக்டரு கறியே தொடக் கூடாதுன்னு..."

"அவருக்கும்தான் இருந்துச்சு. நீ ஒரு முட்டை கூட வச்சியே, 'மச்சானுக்கு ரெண்டா வை'ன்னு. நான் பக்கத்துலதானே நின்னேன்."

தங்கையன் நெற்றியில் வேர்வை அரும்பியது. "எனக்கு மோருஞ்சோறும் போதும்க்கா. அண்டாவுலேர்ந்து போடச் சொல்லு."

"அண்டா எதுக்கு? நேத்து வச்சா என்ன, முந்தாநாள் வச்சா என்ன? அக்கா வீடுதானே. சாப்பிடு."

தங்கையன் தலை சட்டென்று நிமிர்ந்தது. அந்த இரண்டு வார்த்தையும் எங்கிருந்து வந்தது என்று அவன் கண் பந்தலுக்குள் தேடியது. வாசல் படியில் இசைவாணி நின்றாள்.

அவள் இறங்கி வந்தாள். அப்பன் இலைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பாவுக்குப் பதிலா நான் சாப்பிடறேன் அத்தை."

யாரும் தடுக்கும் முன் முட்டையைக் கையில் எடுத்துவிட்டாள். வாய்க்குக் கொண்டுபோனாள்.

"தொடாத!" தங்கையன் அவள் கையில் ஓங்கி அடித்தான். முட்டை தெறித்து மண்ணில் உருண்டது. இலை கிழிந்து சோறு சிதறியது. "செத்துப் போவடி! அன்னிக்கு அந்த முட்டையால ஒரு உசுரு போனது போதாதா?"

பந்தலில் மென்று கொண்டிருந்த வாய்கள் நின்றன.

பக்கிரி மெதுவாக எழுந்தார். "எந்த முட்டை, தங்கையா?"

தங்கையன் சுற்றிலும் பார்த்தான். ஒருவர் முகத்திலும் அவனுக்கு இடம் இல்லை. குணசேகரன் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான் குடிக்கல" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"உரக்க" என்றாள் காளியம்மாள்.

"மச்சான் குடிக்கல. நான்தான்... மிஞ்சினதைக் கொண்டாந்தேன். என் சாப்பாட்டாலதான் செத்தாரு."

"இன்னொரு தடவை. உள்ள ஒருத்தி சுவரைப் பாத்துப் படுத்திருக்கா. அவளுக்குக் கேட்கணும்."

"அக்கா, போதும்க்கா..."

"இன்னொரு தடவைடா."

"என் சாப்பாட்டாலதான் மச்சான் செத்தாரு!"

கத்திவிட்டு அவன் அழுதான். வரும்போது அழுத அழுகை இல்லை இது. மூக்கு ஒழுக, வாய் கோணி அழுதான். காளியம்மாள் அவனைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் பார்த்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு எழில்மொழி நின்றிருந்தாள். அவளாக எழுந்து வந்திருந்தாள்.

குணசேகரன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஆவணியில நாங்க வேற ஆளு பாத்துக்கறோம் தங்கையா. எங்க வீடு உனக்கு அக்கா வீடும் இல்ல, தங்கச்சி வீடும் இல்ல. எங்களுக்கு என்னத்தைப் போடுவியோ."

காரை நோக்கி நடந்தார். அந்தக் காருக்குப் பின்னால் எழுந்த புழுதியில் தங்கையனின் இன்னும் எத்தனையோ கல்யாணங்கள் போயின. இந்தப் பக்கத்தில் ஒரு வாய் சொன்னால் பத்து மண்டபத்துக்குக் கேட்கும். அதற்குத்தான் காளியம்மாள் அவரைக் கூப்பிட்டிருந்தாள்.

அவள் குண்டானை இழுத்து மடியருகே வைத்துக்கொண்டாள். கையை விட்டு ஒரு துண்டுக் கறியை எடுத்து வாயில் போட்டு நன்றாக மென்றாள்.

"அம்மா!" செழியன் பாய்ந்தான்.

"இருடா. இது இன்னிக்கு வச்சது. தாலியைக் கழட்டிப் பால்ல போட்டுட்டு வந்து வச்சேன். எனக்கு மிஞ்சினதைப் போட்டவனாவே இருக்கட்டும், என் வீட்டு இலையில நான் மிஞ்சினதைப் போட மாட்டேன்."

தங்கையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாம்பாளத்திலிருந்து புடவையை எடுத்தான். இரண்டு கையாலும் நீட்டினான்.

"கோடியையாவது வாங்கிக்கக்கா."

"நீ எங்க கை நனைச்ச?"

அவன் சிதறிய சோற்றைப் பார்த்தான்.

"வார்த்தை பாக்கி இருந்துச்சு, வாங்கிட்டேன். புடவை பாக்கி இருந்துச்சு. அதைத் தள்ளுபடி பண்ணிட்டேன். சொசைட்டியில கடனைத் தள்ளுவாங்களே, அந்த மாதிரி. இனிமே நீ எனக்குக் கொடுக்க வேண்டியதும் இல்ல, நான் உன்கிட்ட வாங்க வேண்டியதும் இல்ல. போயிட்டு வான்னு சொல்ல மாட்டேன். போ."

* * *

பந்தல் காலியானது. தங்கையன் வண்டி போய்விட்டது. இசைவாணியை அவன் கூப்பிட்டான், அவள் ஏறவில்லை.

கொல்லையில் செழியன் முருங்கை மரத்தடியில் குழி வெட்டினான். முந்தின நாள் குண்டானைத் திறக்காமலே உள்ளே இறக்கினான். காளியம்மாள் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"நீ புதுசா வைக்கப் போறன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? என் உசுரே போயிடுச்சு."

"காலையில அடுப்பைப் பத்த வைக்கிறப்ப எனக்கே தெரியாது."

"அப்ப இதை அப்பவே கொட்டியிருக்கலாமே?"

காளியம்மாள் ஒரு பிடி மண்ணை அள்ளினாள். "ரெண்டு குண்டானும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சுடா. ரெண்டுக்கும் ஒரே மாதிரி துணி கட்டினேன். எடுக்கக் குனியற வரைக்கும் எதை எடுப்பேன்னு எனக்குத் தெரியல."

செழியன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். அவள் மண்ணைக் குழிக்குள் போட்டாள். இன்னொரு பிடி அள்ளினாள்.

"தீந்துச்சு. அவனோட எல்லாம் தீந்துச்சு. எழிலு ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா, பாத்தியா? இனிமே யார் மேலயும் எனக்குக் கணக்கு இல்ல."

பின்னால் சருகு மிதிபடும் சத்தம். இசைவாணி நின்றாள். அப்பன் போட்டுவிட்டுப் போன கோடிப் புடவை அவள் கையில் இருந்தது.

"அத்தை."

"என்ன?"

"நான் அந்த முட்டையை எடுத்தது அப்பாவுக்காக இல்ல."

காளியம்மாள் திரும்பினாள்.

"காலையில உங்ககிட்ட 'டப்புல கொட்டினாங்க'ன்னு சொன்னேன்ல. ஆளுங்க எல்லாம் அப்பவே கிளம்பிட்டாங்க. களைப்பா இருந்துச்சு. வேற பாத்திரம் தேடணும், இல்லைன்னா அதைத் தேய்ச்சுக் கழுவணும். காலையில குழம்பு ஊத்தப் போறோமே, போதும்னு..." அவள் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கொட்டினது நான்தான் அத்தை."

செழியன் மண்வெட்டியைக் கீழே போட்டான். அவன் அவளைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

காளியம்மாள் அசையவில்லை. அள்ளிய மண் அவள் கையிலேயே இருந்தது. குழி பாதிதான் மூடியிருந்தது. குண்டானும் அதன் மேல் கட்டிய துணியும் இன்னும் வெளியே தெரிந்துகொண்டிருந்தன.